பெயரைக் கட்டிவைக்கும் கயிறு: பாக்டீரியா வகைப்பாட்டாளர் ஒருவரின் தொழில் குறித்து

வகைப்படுத்துதல் என்ற சொல் நம் சிறுபத்திரிகைக் கட்டுரைகளில் வந்தால் அடுத்த வரியிலேயே ஃபூக்கோ வந்துவிடுவார். அவருக்குப் பின்னாலேயே போர்ஹேயின் சீனக் கலைக்களஞ்சியமும் வரும். எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. பெயரிடுவதும் பிரித்து அடுக்குவதும் அதிகாரச் செயல்பாடுகள் என்பதை நானும் அங்கிருந்துதான் படித்துக்கொண்டேன். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் பரிசோதனைக்கூடத்தில் ஸ்லைடு பார்த்துப் பிழைத்தவன் என்ற முறையில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'வகைப்பாடு என்பதே வன்முறை' என்று எழுதுகிற நண்பர்கள், வகைப்படுத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சாயங்காலம் வரை என்னதான் செய்கிறார் என்று விசாரித்ததாகத் தெரியவில்லை. விசாரித்திருந்தால் அவர்களுடைய வாதம் பலவீனப்பட்டிருக்கும் என்று சொல்ல வரவில்லை. வேறு இடத்தில் கூர்மையாகியிருக்கும்.

நான் எடுத்துக்கொள்வது ஹைதராபாத்தின் சிசிந்தி சிவாஜி. நடிகர் திலகத்தைக் கொஞ்ச நேரம் மனசிலிருந்து ஒதுக்கி வையுங்கள். இவர் செல்-மூலக்கூறு உயிரியல் மையத்தில், அதாவது சி.சி.எம்.பி.யில், நெடுங்காலம் வேலை பார்த்தவர். அண்டார்டிகா மண், இமயமலைப் பனியாறு, நாற்பது கிலோமீட்டர் உயரத்துக் காற்று என்று மனுஷர் குடியிருக்க முடியாத இடத்துப் பாக்டீரியாக்களை எடுத்துவைத்துக்கொண்டு, இது ஏற்கனவே பெயர் உள்ளதா, பெயர் இல்லாததா என்று பார்ப்பது அவர் தொழில். பெயர் இல்லாததென்றால் பெயர் வைப்பார். தமிழில் இந்தத் தொழிலைப் பற்றி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

முதலில் சொற்களைப் பற்றி. தமிழில் இந்த ஜீவன்களுக்குப் பொதுவழக்கில் 'கிருமி' என்று பெயர். கிருமி என்றாலே நோய். தயிரைத் தோய்ப்பதும் வேர்க்கடலை வேரில் முண்டு கட்டி நைட்ரஜன் சேர்ப்பதும் இவைதான் என்பதை அந்தச் சொல் மூடிவிடுகிறது. பாடநூல்காரர்கள் 'நுண்ணுயிரி' என்பார்கள். அதில் பூஞ்சை, வைரஸ் எல்லாம் அடங்கிவிடும். நான் பாக்டீரியா என்றே எழுதுகிறேன். அடுத்தது இன்னும் சிக்கல். பெரிய தொகுதிக்குப் 'பேரினம்', அதன் உட்பிரிவுக்குச் 'சிற்றினம்' என்று கலைச்சொல் போட்டிருக்கிறார்கள். 'இனம்' என்ற சொல் நம் அரசியலில் என்னவெல்லாம் சுமந்திருக்கிறது என்று இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரத்தம், பிறப்பு, பூர்வீகம் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பாக்டீரியாவுக்கு அப்பா அம்மா கிடையாது. ஒன்று இரண்டாகப் பிளக்கும், அவ்வளவுதான். போதாததற்குப் பக்கத்தில் இருக்கிற அன்னியனிடமிருந்தும் மரபணுவை வாங்கித் தன் உடம்பில் செருகிக்கொள்ளும். இதற்குப் போய் 'இனம்' பார்ப்பது எப்படி?

இந்தக் கேள்வி விஞ்ஞானிகளையே நூறு வருஷம் அலைக்கழித்தது. 1872ல் ஃபெர்டினாண்ட் கோன் வடிவத்தை வைத்துப் பிரித்தார்: உருண்டை, குச்சி, இழை, சுருள். 1884ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் ஒரு சாயமுறை கண்டுபிடித்தார். இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் முதல் வேலை அதுதான். ஊதாச் சாயத்தைப் பிடித்துக்கொண்டால் கிராம் பாசிட்டிவ். ஸ்பிரிட்டில் கழுவியதும் விட்டுவிட்டு அடுத்த சிவப்பை ஏற்றால் கிராம் நெகட்டிவ். நான் வாழ்க்கையில் இந்த ஒரு தீர்ப்பை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. டாக்டருக்கு மருந்து தேர்ந்தெடுக்க அது உதவும். ஆனால் யார் யாருக்கு உறவு என்பதை அது முழுசாகச் சொல்லாது. உருவத்தையும் சாயத்தையும் எதைத் தின்கிறது எதைத் தின்னாது என்பதையும் வைத்துப் பாக்டீரியாக்களின் வம்சாவளியை எழுத முடியாது என்று, அதற்காகவே பாடுபட்ட ஸ்டேனியரும் வான் நீலும் 1960களின் தொடக்கத்தில் ஏறக்குறையக் கைவிட்ட நிலைக்கு வந்துவிட்டார்கள்.

அந்த முட்டுச்சந்தை உடைத்தவர் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்ல் வூஸ். எல்லா உயிர்களும் புரதம் செய்தாக வேண்டும். அதற்கான ரைபோசோம் என்ற பட்டறை எல்லாவற்றிலும் உண்டு. அதன் உறுப்பான ஒரு ஆர்.என்.ஏ. இழை மிக மெதுவாகத்தான் மாறும். 16எஸ் என்று அதைச் சொல்கிறார்கள். இதை ஒப்பிட்டால் வம்சாவளி கிடைக்கும் என்பது அவர் யோசனை. சொல்லும்போது எளிது. கதிரியக்கப் பாஸ்பரஸ் ஊட்டி வளர்த்து, ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கி, துண்டுகள் ஃபிலிமில் விட்டுச்சென்ற கறுப்புப் புள்ளிகளை வெளிச்சப் பலகையில் வைத்து வருஷக்கணக்கில் தனியாக உட்கார்ந்து படித்தார். 1976ல் மீத்தேன் உண்டாக்கும் ஒன்றின் ஃபிலிம் வந்தபோது, பாக்டீரியாக்களில் எப்போதும் இருக்கும் புள்ளிகள் அதில் இல்லை. பார்க்கக் குச்சி மாதிரிதான் இருக்கிறது, ஆனால் பாக்டீரியா அல்ல. 1977ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இதைத் தனிப்பெரும் கிளை என்று அறிவித்தார்கள். இன்று ஆர்க்கியா என்கிறோம். நம் ஊர்ச் சாண எரிவாயுக் கலனுக்குள்ளும் மாட்டின் அசைபோடும் வயிற்றுக்குள்ளும் இருப்பவை இந்தக் கூட்டம்தான். உயிர் விருட்சத்தையே திருப்பிப்போட்ட ஜீவன் கொட்டகைக்குப் பின்னால் அடுப்புக்கு வாயு கொடுத்துக்கொண்டிருந்தது. வூஸோடு சேர்ந்து உழைத்த ரால்ஃப் வோல்ஃபுக்கு நோபல் பரிசு வாங்கிய சால்வடார் லூரியா ஃபோன் போட்டு, இதிலிருந்து விலகிக்கொள் என்று எச்சரித்திருக்கிறார். இருபது வருஷம் கழித்து 1998லும் எர்ன்ஸ்ட் மையர், பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிரிக்காதே என்று வாதாடினார். கண்ணுக்குத் தெரியும் வேற்றுமையே வேற்றுமை என்பது மையர் கட்சி. தெரியாத வரலாறுதான் வேற்றுமை என்பது வூஸ் கட்சி. என் ஓட்டு வூஸுக்கு.

சிவாஜி இந்தப் புரட்சி நடந்து முடிந்த களத்துக்கு, வேறொரு வாசல் வழியாக வந்தார். சி.சி.எம்.பி. 1977ல் தொடங்கப்பட்டது. அதைக் கட்டியெழுப்பிய புஷ்பா பார்கவாவை நம் வாசகர்களுக்கு மரபணு மாற்றுப் பயிர் எதிர்ப்பு வழியாகத் தெரிந்திருக்கும். 2015ல் பத்மபூஷணைத் திருப்பித் தருகிறேன் என்றவர், 2017ல் மறைந்தார். காளையின் விந்துத் திரவத்தில் பாக்டீரியாவைக் கொல்கிற ஒரு புரதம் இருப்பதை அவர் குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. சிவாஜியின் ஆரம்ப வேலை அங்கே. 1990ல் பார்கவா, ஷைட் இருவரோடும் சேர்ந்து விந்துத் திரவப் புரதங்கள் பற்றி ஒரு நூலே எழுதினார். இதே காலத்தில், அண்டார்டிகாவில் ஷிர்மாக்கர் சோலை என்ற பனியற்ற பாறைப்பகுதியின் மண்ணிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்தெடுக்கும் வேலையும் தொடங்கியது. இந்தியாவின் முதல் அண்டார்டிகாப் பயணம் 1981ல். மைத்ரி நிலையம் 1989ல் அந்தச் சோலையில்தான் எழுந்தது. கொடி நாட்டப் போன இடத்து மண்ணில் உயிர் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் இவர்கள். 1992ல் ஸ்ஃபிங்கோபாக்டீரியம் அண்டார்டிகஸ் என்ற புதிய சிற்றினத்தை அறிவித்தார்கள்.

இந்த 'அறிவித்தார்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கும் உழைப்பைத்தான் சொல்ல நினைக்கிறேன். ஒரு சிட்டிகை மண்ணை நீரில் கரைத்து, பத்துப்பத்து மடங்காக நீர்த்து, அகார் தட்டில் பரப்பவேண்டும். குளிர்விரும்பிகளுக்கு நம் 37 டிகிரி இன்குபேட்டர் சுடுகாடு. குளிரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு நாளில் வளராது. ஆரஞ்சு, ரோஜா, மஞ்சள் என்று புள்ளி புள்ளியாக வரும். ஒரு புள்ளியை எடுத்து இன்னொரு தட்டில் கீறி, அதிலிருந்து இன்னொன்றில் கீறி, கலப்பு இல்லை என்று உறுதியாகும் வரை அதே வேலை. பிறகு பரீட்சைகள். எந்தச் சர்க்கரையை உண்கிறது, எத்தனை உப்பைத் தாங்கும், எந்த ஆன்டிபயாட்டிக்குக்குச் சாகும், தோலில் என்னென்ன கொழுப்பமிலம், 16எஸ் வரிசை என்ன. இதோடு முடியவில்லை. நெருங்கிய சொந்தம் என்று தெரியவருகிற ஏற்கனவே பெயர்பெற்ற பாக்டீரியாக்களையும் உலகின் எங்கோ ஒரு வளர்ப்பகத்திலிருந்து வரவழைத்து, அதே தட்டில், அதே நாளில், பக்கத்தில் வைத்து வளர்த்துப் பார்க்கவேண்டும். பழைய பட்டியலைப் பார்த்து ஒப்பிட்டேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இத்தனையும் செய்து கடைசியில் கிடைப்பது பத்திரிகையில் நாலைந்து பக்கம், இரண்டு லத்தீன் சொல். விஞ்ஞானிகள் வட்டத்திலேயே இதைக் குமாஸ்தா வேலை என்று இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. மருந்து வருமா, காப்புரிமை வருமா என்று கேட்பார்கள். வராது.

இப்படி வேலை செய்து எங்கே கோடு போடுகிறார்கள் என்று கேட்டால் பதில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். 1987ல் ஒரு நிபுணர் குழு கூடி, இரண்டு பாக்டீரியாவின் டி.என்.ஏ. எழுபது சதவீதம் அல்லது அதற்கு மேல் ஒட்டிக்கொண்டால் ஒரே சிற்றினம் என்று வைத்தது. இதை ஒருமுறை தேரடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தலித் இயக்கத்தில் இருக்கும் நண்பரிடம் சொன்னேன். "ஏன் சார் எழுபது? அறுபத்தொம்பதுன்னா வேற ஜாதியா?" என்றார். "அப்படித்தான் வச்சிக்கிட்டாங்க." "யாரு வச்சிக்கிட்டா?" என்றார் விடாமல். அன்றைக்கு அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பாக்டீரியாப் பெயர்களுக்கு ஒரு சர்வதேச விதித்தொகுப்பு உண்டு. 1980 ஜனவரி 1ஆம் தேதி அது ஒரு காரியம் செய்தது. அதுவரை குவிந்துகிடந்த பல்லாயிரம் பெயர்களில், எந்த ஜீவனைக் குறிக்கிறது என்று நிரூபிக்கக்கூடிய இரண்டாயிரத்துச் சொச்சத்தை மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டு மற்றவற்றின் உரிமையை ரத்துசெய்தது. ஒரு அறிவுத்துறை தன் பழைய ஏட்டைத் தானே எரித்துவிட்டுப் புதுக்கணக்கு தொடங்கியது. அதற்குப் பிறகு எந்தப் பெயரும் ஒரு குறிப்பிட்ட உயிருள்ள வளர்ப்போடு கட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்கு வகைமாதிரி என்று பெயர். இங்கேதான் நம் கோட்பாட்டு நண்பர்கள் நின்று கவனிக்க வேண்டும். வகைமாதிரி அந்தச் சிற்றினத்தின் சிறந்த பிரதிநிதியாக இருக்கவேண்டிய அவசியமில்லை என்று விதியே சொல்கிறது. அது இலட்சிய உருவமில்லை, சாரம் இல்லை, சராசரிகூட இல்லை. பெயரைக் கட்டிவைக்கும் முளைக்குச்சி. மாடு எத்தனை தூரம் மேயலாம் என்பது வேறு விவாதம். இன்னொன்றும் அதே தொகுப்பில் இருக்கிறது: வகைப்பாட்டுச் சிந்தனையின் சுதந்திரத்தை இதிலுள்ள எதுவும் கட்டுப்படுத்தாது. அதாவது பெயருக்குச் சட்டம் உண்டு, வகைப்பாட்டுக்குச் சட்டம் கிடையாது. 'அதிகாரபூர்வமான வகைப்பாடு' என்று ஒன்று இல்லவே இல்லை. எழுபது என்பது பழக்கம், சட்டமல்ல. முழு மரபணுத்தொகுதி ஒப்பீடு வந்தபிறகு அந்த எண்ணும் மாறிவிட்டது. இப்போது 95-96 சதவீத ஒற்றுமை என்று வேறு அளவில் பேசுகிறார்கள்.

எங்கள் திருவண்ணாமலையில் மலையைச் சுற்றும் பாதை பதினாலு கிலோமீட்டர். அதில் திசைக்கு ஒன்றாக எட்டு லிங்கம்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். பௌர்ணமி ராத்திரி லட்சம் பேர் நடக்கிறார்கள். இந்திரன் எல்லை எங்கே முடிந்து அக்னி எல்லை எங்கே தொடங்குகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. லிங்கம் நிற்கிற இடம் நிச்சயம், எல்லை நிச்சயமில்லை. வகைமாதிரியை இதைவிட எளிதாக எனக்கு விளக்கத் தெரியவில்லை.

இதன் விளைவு பெயர்களின் கதியில் தெரியும். 2005 ஏப்ரலில் ஹைதராபாத்திலிருந்து ஒரு பெரிய பலூன் மேலே போய், 41 கிலோமீட்டர் உயரம் வரையிலான காற்றைக் குழாய்களில் பிடித்துக்கொண்டு வந்தது. ஜயந்த் நார்லிகரும் இஸ்ரோவும் சம்பந்தப்பட்ட பரிசோதனை. அந்தக் குழாய்களிலிருந்து சிவாஜியின் குழு 2009ல் மூன்று புதிய சிற்றினங்களை விவரித்தது. விண்வெளியிலிருந்து உயிர் வந்தது என்ற ஃப்ரெட் ஹோய்ல் நினைவாக ஜனிபாக்டர் ஹோய்லி. இஸ்ரோவின் பெயரால் பேசிலஸ் இஸ்ரோனென்சிஸ். ஆரியபட்டர் பெயரால் பேசிலஸ் ஆரியபட்டாய். 'வானத்திலிருந்து வந்த பாக்டீரியா' என்று பேப்பர்களில் கொண்டாட்டம். வேற்றுலகிலிருந்து வந்ததற்கு இது முடிவான ஆதாரமில்லை என்று இஸ்ரோவே சொல்லியிருந்தது. பிறகு என்ன ஆனது? 2016ல் இன்னொரு இந்தியக் குழு இஸ்ரோனென்சிஸை பேசிலஸிலிருந்து எடுத்து சாலிபேசிலஸில் வைத்தது. 2020ல் ஆரியபட்டாய், பிரீஸ்டியா என்ற புதிய பேரினத்துக்குப் போனது. வானத்தில் பிடிபட்ட அந்த ஆரியபட்டரைச் சாதாரண வயல் மண்ணிலும் பயிர் வேரடியிலும் பலர் கண்டெடுத்துவிட்டார்கள். 1992ல் முதலில் வைத்த அந்த அண்டார்டிகஸும் இன்று பெடோபாக்டர் வீட்டில் இருக்கிறது.

இராமேஸ்வரத்துக்காரரையும் விடவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்துகொண்டு விண்கலங்களில் ஒட்டிக்கொண்டு போகும் பாக்டீரியாக்களை ஆராய்ந்த கஸ்தூரி வெங்கடேஸ்வரன் குழு, சர்வதேச விண்வெளி நிலையத்தில் கிடைத்த ஒன்றுக்கு 2017ல் சாலிபேசிலஸ் கலாமி என்று பெயர் வைத்தது. 2019ல் ஒரு பேரினத்துக்கே கலாமியெல்லா என்று வைத்தார்கள். அந்தப் பேரினத்தின் ஒரே உறுப்பினர் பிற்பாடு பான்டோயாவுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. சிலையாக இருந்தால் ஊரில் கலவரம் ஆகியிருக்கும். ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள், பெயர் நகர்ந்தது, அவ்வளவுதான். தான் வைத்த பெயரை இன்னொருவன் வந்து மாற்றுவான் என்று தெரிந்தே வேலை செய்வது இந்தத் தொழிலின் இயல்பு. சிவாஜி பெயரிலும் ஷிவாஜியெல்லா என்று ஒரு பேரினம் 2012ல் வந்தது. அவரோ பிற்காலத்தில் ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்துக்குப் போய், கண்ணோய் உள்ளவர்களின் குடல் பாக்டீரியாக்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பனியாற்றிலிருந்து மனுஷக் குடலுக்கு. கேள்வி அதேதான்: யார் யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று சொல்லாமல் நகர முடியாது. பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டின் உப்புச் சேற்றில் ஒருவகைக் காட்டு நெல் வளர்கிறது. அதன் வேரிலும் தண்டிலும் இருந்த ஒரு பாக்டீரியாவை சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் லோகநாதனும் சுதா நாயரும் 2004ல் விவரித்தார்கள். சுவாமிநாதனியா சாலிடாலரன்ஸ். உப்பைத் தாங்கும், காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும், மண்ணில் பூட்டிக்கிடக்கும் பாஸ்பேட்டைக் கரைத்துத் தரும். யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் செய்கிற வேலையை ஓசியில் செய்கிற ஜீவனுக்குப் பசுமைப் புரட்சியின் தந்தை பெயர். நம்மாழ்வார் வழி நண்பர்களிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிப்பு இருக்கட்டும். விதிப்படி ஒரு வகைமாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் பொது வளர்ப்பகங்களில் வைக்கவேண்டும். கேட்கிற எந்த ஆய்வாளருக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். அப்படி இந்தப் பிச்சாவரத்து ஜீவனும் ஒரு பங்கு சண்டிகரில் இருக்கிறது, ஒரு பங்கு பெல்ஜியத்தின் கென்ட் நகரில் இருக்கிறது.

இங்கேதான் நம் அரசியலும் இந்தத் தொழிலும் முட்டிக்கொள்கின்றன. 1990களில் மஞ்சள் காப்புரிமைக்கும் வேம்புக் காப்புரிமைக்கும் எதிராகத் துண்டுப்பிரசுரம் அடித்தவர்களில் நானும் ஒருவன். அமெரிக்கா மஞ்சள் காப்புரிமையை 1997ல் ரத்துசெய்தபோது கூட்டம் போட்டுப் பேசினோம். உயிர்வளக் கொள்ளைக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்றோம். 2002ல் உயிரியல் பன்மயச் சட்டம் வந்தது. 2003ல் சென்னையிலேயே தேசிய ஆணையம் அமைந்தது. வெளிநாட்டவர் இந்திய உயிர்வளத்தைப் பெற ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். நியாயமான சட்டம்தான், இன்றும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் கென்ட்டில் இருக்கும் வளர்ப்பகமும் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர்தான். ஒருபக்கம் 'தடையின்றிக் கொடு' என்கிற பெயர் விதி. மறுபக்கம் 'கேட்காமல் கொடுக்காதே' என்கிற நாட்டுச் சட்டம். நடுவில் மாட்டிக்கொள்பவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஆராய்ச்சி மாணவர். பன்னாட்டுக் கம்பெனிக்கு இதைக் கையாள வக்கீல் படை உண்டு. பிச்சாவரத்துச் சேற்றில் இறங்கிய மாணவருக்கு யார் உண்டு? நாம் கோரிய சட்டம் யாரைத் தடுக்கிறது, யாரைத் தாமதப்படுத்துகிறது என்று திரும்பப் பார்க்கும் பொறுப்பு கோரியவர்களுக்கு இருக்கிறது. 'தேசத்தின் பாக்டீரியா' என்ற கருத்தாக்கமே எனக்குக் கொஞ்சம் வினோதமாகப்படுகிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அலையோடு வருவதற்கு பாஸ்போர்ட் எது?

வகைமாதிரி விதிக்குப் பெரிய விலக்கு ஒன்று எங்கள் பகுதியோடு சம்பந்தப்பட்டது. திருவண்ணாமலை 1989 வரை வட ஆர்க்காட்டில் இருந்தது. தொழுநோய் மிகுந்திருந்த மாவட்டம். காதுமடலில் சின்னதாகக் கீறி எடுத்த ஸ்மியரில் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாக அது தெரியும். ஹான்சென் 1873ல் கண்ட மைக்கோபாக்டீரியம் லெப்ரே. இன்றுவரை எந்த அகாரிலும் யாராலும் அதை வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோவின் உடம்பிலும்தான் வளரும். ஆகவே வளர்ப்பகத்தில் வைக்க வகைமாதிரியே கிடையாது. ஆனாலும் 1980 பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது, அவ்வளவு பழகிய பெயர். மண்ணிலும் கடலிலும் இருக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி இதேபோல் வளர்க்க முடியாதவை. அவற்றுக்குப் பெயர் உரிமை மறுக்கப்பட்டது. வளர்ப்பு இல்லாவிட்டாலும் மரபணுத்தொகுதி வரிசையையே வகைமாதிரியாக ஏற்கலாம் என்று 2022ல் ஒரு தனி விதித்தொகுப்பு வந்திருக்கிறது. பழைய தொகுப்புக்காரர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் கொடுக்க உடம்பு வேண்டுமா, எழுத்து போதுமா என்று சண்டை. பிரதி, மூலம் என்று வருஷக்கணக்காக எழுதியவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பாக்டீரியா விதித்தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. 'ஆபத்தான பெயர்' என்று ஒரு பிரிவு. பிளேக் பாக்டீரியாவான யெர்சினியா பெஸ்டிஸும், சாதாரண வயிற்று உபாதை தருகிற யெர்சினியா சூடோடியூபர்குளோசிஸும் டி.என்.ஏ.வில் ஒன்றேதான் என்று 1980களின் தொடக்கத்தில் தெரிந்தது. விஞ்ஞானப்படி பிளேக்கை மற்றதன் உட்பிரிவாக்க வேண்டும். அப்படி ஒரு பெயரும் முன்மொழியப்பட்டது. 1985ல் அதன் நீதிக்குழு அந்தப் பெயரை நிராகரித்தது. காரணம் உறவு தப்பென்பதல்ல. பரிசோதனைக்கூடத்தில் யாராவது நீண்ட பெயரின் வாலைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். 1994ல் சூரத்திலிருந்து ரயில் ரயிலாக ஜனங்கள் ஓடியது நினைவிருப்பவர்களுக்கு இது புரியும். ஷிகெல்லாவும் அப்படித்தான், மரபணுப்படி அது இ. கோலைக்குள் அடங்கிவிடும். ஆனாலும் ரத்தபேதிக் குழந்தையின் ரிப்போர்ட்டில் நான் கடைசிவரை ஷிகெல்லா என்றுதான் எழுதினேன், டாக்டர் அதைப் பார்த்துத்தான் பரபரப்பாவார். பெயர் கொல்லக்கூடும் என்று எழுத்துபூர்வமாக ஏற்று, அதற்காக உண்மையையே ஒரு படி ஒதுங்கி நிற்கச் சொன்ன சட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மனுஷருக்கு வைத்த பெயர்களில் 1871ல் குற்றப் பரம்பரை என்று ஒன்று வந்தது. அதை நீக்க 1952 ஆயிற்று.

'யாரு வச்சிக்கிட்டா?' என்று கேட்ட நண்பர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வகைமாதிரி விஷயத்தில் மட்டும் நிறுத்தினார். அவர் இருளர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கித் தரும் வேலையில் அலைபவர். "அப்பாவுக்குச் சான்றிதழ் இருந்தா புள்ளைக்குத் தருவாங்க. அது உங்க முளைக்குச்சி கணக்கு, சரி. அப்பாவுக்கு இல்லன்னா என்ன பண்றாங்க தெரியுமா? 'நீ இருளர் மாதிரியே இல்லையே'ன்றாங்க." விசாரணைக்கு வந்த ஒரு அதிகாரி, பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணிடம் எலி பிடிக்கத் தெரியுமா, பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் செங்கல் சூளையில் பிறந்து விடுதியில் தங்கிப் படித்தது. எலியைக் கண்டால் பயம். வீடு ஓலையா ஓடா என்று பார்த்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைக் காட்டி, இது உங்க குலசாமியா என்றும் கேட்டாராம். அவர் மனசில் ஒரு இருளர் இருக்கிறார். நூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ வெள்ளைக்காரப் புத்தகத்து ஃபோட்டோவிலிருந்து இறங்கி வந்தவராக இருக்கலாம். அந்த ஃபோட்டோவோடு இந்தப் பெண் ஒத்துப்போகவில்லை.

வகைமாதிரி இலட்சிய உருவம் அல்ல, எல்லையைக் காட்டுவதும் அதன் வேலை இல்லை என்பதை ஒரு பாக்டீரியா ஆய்வாளர் முதல் வருஷத்திலேயே கற்றுக்கொள்கிறார். தன் தட்டில் வளர்ந்தது வகைமாதிரியைப் போல இல்லையென்றால், வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, சிற்றினத்தின் விவரணையைத்தான் திருத்தி எழுதுகிறார். 'திருத்திய விவரணை' என்ற தலைப்பிலேயே அத்தகைய கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன. நண்பர் இதை மனுவில் எழுதலாமா என்று கேட்டார். எழுதிப் பாருங்கள் என்றேன். கல்லூரியில் சேரக் கடைசித் தேதி போய்விட்டது. அடுத்த விசாரணைக்கு அம்மாவையும் பாட்டியையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள்.